பயறு ஒட்டிய இறுவட்டுகள்

யாழ்ப்பாணத்துப் பத்மாதேவி 2008இல் கண்டியில் ஒரு தொழிற்கல்லூரியில் கணினி படிப்பித்தார். கண் தெரியாத மாணவி சுந்தரிக்காகப் பாடங்களைத் தன் குரலில் பதிந்து, அந்த சிடி இறுவட்டின் உறையில் பயறு ஒட்டிக் கொடுப்பார். ஐந்து பயறு என்றால் ஐந்தாம் பாடம்.

பரீட்சைக்கு முதல்நாள், கடைசி மூன்று பாடங்களோடு சுந்தரியின் ஊரான பன்விலவுக்கு பஸ்ஸில் போனார். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைப் பார்த்த சிப்பாய் பையைக் கிளறினான்.

"இது என்ன ரகசியக் குறி?" என்று சிங்களத்தில் அதட்டினான்.

அவர் விளக்கியும் நம்பவில்லை. ஒரு இறுவட்டை முறிக்கப் போனான்.

"கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாம் பாடத்தை எடுங்கள்," என்றார் பத்மாதேவி.

"ஐயோ டீச்சர், வாயை வச்சிக்கிட்டு சும்மா இருங்க!" என்று பின்னால் நின்ற பெண் முணுமுணுத்தாள்.

"எனக்கே உத்தரவா?" சிப்பாய் முறைத்தான். பிறகு துப்பாக்கியை மற்றவனிடம் நீட்டிவிட்டுக் கண்ணை மூடினான். பெருவிரல் ஒவ்வொரு உறையாகத் தடவியது. ஒன்றைத் தூக்கிக் காட்டினான். ஐந்துதான்.

மூன்றையும் திருப்பிக் கொடுத்தான். அதற்குள் பஸ் போய்விட்டது. பத்மாதேவி மேட்டுப் பாதையில் வேகமாக நடக்கத் தொடங்கினார். இருட்டுவதற்குள் சுந்தரியிடம் போய்ச் சேரவேண்டும்.