கறுப்புக்கும் முறை வரும் என்று நம்பினோம்

வேலையிடத்தில் சாப்பாட்டு மேசையில் யாராவது கசினோச் சூதாட்டப் பேச்சை எடுத்தால் மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு வாய் வராது. ஆனாலும் ரூலெட் என்கிற சக்கர விளையாட்டில் முறையாக விளையாடி வெல்லலாமா என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில் எனக்குக் கசினோவில் கிடைக்கவில்லை, சீட்டுக் குலுக்கிய ஒரு வீட்டில் கிடைத்தது.

ஸ்காபரோவில் பாண், அதாவது பிரெட், செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். வெந்து வரும் பாணை நான் இறக்கிவிட, அதைப் பையில் போடும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். என்னைவிட மூத்தவர். சொந்தமில்லை என்றாலும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இருவருக்குமான பேச்சையும் அவர் ஒருவரே பேசிவிடுவார். அதனாலேயே அவரோடு இருப்பது எனக்கு வசதி.

அண்ணையும் அவர் மனைவியும் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தார்கள். சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். கூரையோடு ஒட்டி ஒரு சின்ன யன்னல், அதையும் பனிக்காலத்தில் பனி மூடிவிடும். அண்ணையின் மனைவியை நான் அக்கா என்பேன். அவருக்கு இழுப்பு நோய். கறியைக் கிண்டிக்கொண்டு நிற்கும்போதே மூச்சு வாங்கும், கரண்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிடுவார். இந்தக் குளிர்காலத்தையும் கீழே கழிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்பார்ட்மென்ட் எடுப்பதென்றால் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்காகத்தான் அவர்கள் சீட்டுப் போட்டிருந்தார்கள். மாதாமாதம் எல்லோரும் காசு போட, குலுக்கலில் பெயர் விழுந்தவர் அந்த மாதத்துக் காசு முழுவதையும் எடுப்பார். நானும் அதே சீட்டில் இருந்தேன்.

ஓவர்டைம் நின்ற பிறகு அண்ணை ரெக்ஸ்டேல் பக்கம் உள்ள கசினோவுக்குப் போகத் தொடங்கினார். சில நாட்கள் வென்றும் வந்தார். வென்ற மறுநாள் எங்கள் மேசைக்கு மட்டன் ரோல்ஸ் வரும். அக்காவிடம் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தார். ஒருநாள் இரவு வேலை முடிந்த காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் போகும்போது தன் வழியைச் சொல்லித் தந்தார்.

"கறுப்பில ஒண்டு வை. தோத்தா ரெண்டு. திரும்பவும் தோத்தா நாலு. எப்பவாவது கறுப்பு வரத்தானே வேணும்? வந்தா விட்டதெல்லாம் வந்து, மேலால ஒண்டும் கிடைக்கும்."

"வராட்டி, அண்ணை?"

"வராட்டியோ? எங்கட சீட்டில ஆருக்காவது விழாமல் போனதோ, சொல்லு பாப்பம். பிந்தி விழும். ஆனா விழும். பொறுமைதான் வேணுமடா."

சக்கரத்தில் கறுப்பும் சிவப்பும் அல்லாமல் பச்சைக் கட்டங்களும் இருந்தன. பந்து பச்சையில் விழுந்தால் கறுப்பில் வைத்தவனுக்கும் போச்சு, சிவப்பில் வைத்தவனுக்கும் போச்சு. அதென்ன என்று அண்ணையிடம் கேட்டேன்.

"சீட்டுப் பிடிக்கிறவைக்கு முதல் சீட்டைக் குலுக்காமல் குடுக்கிறமெல்லே, அதுமாதிரித்தான். கசினோக்காரனும் வாழத்தானே வேணும்," என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இதைச் சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் இந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் காத்திருந்து கிடைத்ததுதான். அகதி வழக்கு, குடியுரிமை, ஊரிலிருந்து ஆளைக் கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. விட்டுப் போகாமல் நின்றவனை ஒருநாள் கூப்பிட்டார்கள். அப்படி வாழ்ந்தவர்களுக்குச் சக்கரத்திலும் ஒரு வரிசை இருப்பதாகத் தோன்றியதில் என்ன அதிசயம்?

அன்று சிவப்பு வந்தது. மறுபடியும் சிவப்பு. பிறகு பச்சை. அதன் பிறகும் சிவப்பு. முன்னே விழுந்தவற்றையெல்லாம் காட்டும் பலகை மேசைக்கு மேலே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அண்ணையின் முகம் மலர்ந்தது. கறுப்பு நெருங்கிவிட்டது என்பது அவர் கணக்கு. வைப்பது இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் அவர் காசுக்குப் பதிலாகத் தள்ளிய சிப்களில் ஒரு பகுதியை மேசையை நடத்திய பெண் பணிவாகத் திருப்பித் தள்ளினாள். அந்த மேசையில் அதற்கு மேல் வைக்க முடியாதாம். விட்டதை ஒரே தரத்தில் எடுக்கும் அளவுக்கு வைக்க முடியாமல் அண்ணை ஒன்றும் வைக்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சுற்றில் கறுப்பு விழுந்தது.

அண்ணை என் முதுகில் ஓங்கி அறைந்தார். "பாத்தியோ! வந்ததோ இல்லையோ? நான் சொன்னனெல்லே!"

தோற்றுப்போன ஒரு மனிதர் அவ்வளவு சந்தோசமாக பஸ்ஸில் வந்ததை நான் கண்டதில்லை. "உந்த மேசை சரியில்லை. அங்கால கூட வைக்கக்கூடிய மேசை கிடக்கு. சீட்டு விழட்டும், காசோட வாறன். அக்காவுக்குப் பெரிய யன்னல் வச்ச வீடு எடுக்கலாம்," என்றார். அதில் ஏதோ பிழை இருப்பது எனக்குப் பட்டது. எது பிழை என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

சீட்டைப் பிடித்து நடத்துபவரை எல்லோரும் அன்ரி என்போம். அவர் வீடு அஜின்கோர்ட்டில். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பெயர் எழுதி மடித்த துண்டுகளை அன்ரி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்குவார். ஏற்கெனவே சீட்டு விழுந்த ஒருவர்தான் துண்டை எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். எனக்கு முன்பே விழுந்துவிட்டதால் அன்று என்னைக் கூப்பிட்டார்கள். கூச்சத்தோடு போய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அன்ரி விரித்து வாசித்தார். அண்ணையின் பெயர்.

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "நாளைக்கு," என்று வாயசைத்தார்.

அன்ரி அந்தத் துண்டைக் கிழிக்கப் போனார். விழுந்த துண்டைக் கிழித்துக் குப்பையில் போடுவது எப்போதும் நடப்பதுதான். என் பெயர் எழுதிய துண்டும் அப்படித்தான் போனது. ஆனால் அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது. அன்ரியின் கையிலிருந்து துண்டை வாங்கினேன். பழையபடி மடித்தேன். டின்னுக்குள் போட்டுக் குலுக்கினேன்.

"ஐயோ, உவருக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்று யாரோ சிரித்தார்கள்.

"வாய் திறக்காத மனுசன், இண்டைக்கு விளையாட்டுக் காட்டுறார்!"

அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி விசர் வேலை? விழுந்த துண்டைத் திரும்பப் போட்டா மற்றவைக்கு எப்ப முறை வாறது? விழுந்தவருக்கே திரும்பத் திரும்ப விழும். சில பேருக்கு விழாமலே போகும்."

டின்னை விடாமல் பிடித்துக்கொண்டு அண்ணையைப் பார்த்தேன். "அதுதான், அண்ணை. அங்க ஒருத்தரும் துண்டு கிழிக்கிறேல்லை. பச்சையும் அன்ரியைப்போல ஒருதரம் எடுத்ததோட நிக்கிறேல்லை. விழுந்த சிவப்பெல்லாம் திரும்பவும் உள்ளுக்குத்தான் கிடக்கு."

அண்ணையின் சிரிப்பு நின்றது.

"எங்க கிழிக்கிறேல்லை?" என்று அக்கா கேட்டார். "தம்பி, எங்க?"

அக்காவின் மூச்சு இழுபட்டது. அதைக் கேட்டுக்கொண்டே அண்ணை நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "கசினோவில."

அக்கா அழுவார் என்று பயந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "ஓவர்டைம் செய்து வாற மனுசனில பாண் மணம் கூடாமல் குறையுதே எண்டு யோசிச்சனான்," என்றார்.

அன்ரி காசுக் கவரை எடுத்துவந்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். அண்ணை எழுந்து அதை வாங்கினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு போய் அக்காவின் மடியில் வைத்தார். "உம்மட கைப்பைக்குள்ள வையும். நாளைக்கு வீடு பாக்கப் போவம்."

நான் டின்னைத் திறந்து அந்தத் துண்டைத் தேடி எடுத்து அன்ரியிடம் கொடுத்தேன். அவர் அதை நன்றாகச் சின்னச் சின்னதாகக் கிழித்தார்.

முதல் பனி விழுவதற்குள் அவர்கள் ஆறாம் மாடிக்கு வந்துவிட்டார்கள். அங்கே போனால் அக்கா நின்றபடியே சமைத்து முடிக்கிறார். வரவேற்பறை யன்னல் சுவரில் பாதியை எடுத்துக்கொள்கிறது. அந்த மேசையில் மறிக்காமல் விட்டிருந்தால் வென்றிருப்பேன் என்று அண்ணை இப்போதும் இடைக்கிடை சொல்லுவார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர் கேட்ட வீடு அவருக்குக் கிடைத்துவிட்டது.

போன கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "உந்த யன்னலால வெளிச்சம் கூடிப்போச்சு. பகலில ஒரு கண் நித்திரை கொள்ள ஏலாமக் கிடக்கு," என்று சலித்துக்கொண்டார்.

குசினியில் கறி கிண்டிக்கொண்டிருந்த அக்காவின் குரல் வந்தது. "அப்ப பழைய பேஸ்மென்டில போய்ப் படுங்கோவன். திரும்ப உள்ளுக்குப் போடத் தம்பிக்குத் தெரியும்."