துவான் இல்லாத மாடு

மலாய் நாடு சுதந்திரம் அடையப் போகிறது என்று எல்லோரும் பேசிய மாதங்களில், எங்கள் ஊரான காஜா பேராங்கில் நாங்கள் மாடுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

புக்கிட் பாருவுக்கு அப்பால் அரசாங்கம் காத்துவந்த காட்டில் மாடுகள் கூட்டமாகத் திரிந்தன. ஜப்பான்காரன் காலத்தில் கட்டறுத்துக்கொண்டு போனவற்றின் வாரிசுகள் என்பார்கள். இளஞ்செடிகளை மேய்ந்து ஓடையைக் கலக்குகின்றன என்று அவற்றைப் பிடித்து எங்கள் திடலில் அடைத்துவிட்டார்கள். துவான் இல்லாதவை லாரியில் அறுப்புக்குப் போகும் என்று அறிவித்தார்கள். மலாயில் துவான் என்றால் உடைமைக்காரர். அதிகாரியை ஐயா என்று கூப்பிடவும் அதே சொல்தான். ஆனால், நான்தான் துவான் என்று ஒப்புக்கொண்டால், காட்டில் மேயவிட்டதற்கு அபராதம்.

அந்தக் கூட்டத்திலிருந்த ஒரு சிவப்புப் பசுவின் பாலைத்தான் என் கைக்குழந்தை குடித்துவந்தான். எனக்குப் பால் போதவில்லை. டின் பால் கொடுத்தால் கக்கிவிடுவான். எங்கள் தெருப் பால்காரர் தவிடு காட்டி அந்தப் பசுவைப் பழக்கியிருந்தார். பகலில் காட்டுக்குப் போகும், விடியலில் அவர் கொட்டகைக்கு வரும். அது பிடிபட்ட பிறகு பையனுக்குக் கஞ்சித் தண்ணீர்தான். குளிப்பாட்டும்போது விலா எலும்பைத் தொட்டுப் பார்ப்பேன். இளைத்துவிட்டானா, இல்லை நேற்று நான்தான் சரியாகத் தொடவில்லையா என்று குழம்புவேன்.

எந்த மாட்டுக்கு யார் துவான் என்று திடலில் நடந்த விசாரணைக்கு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அதிகாரி வெள்ளைக்காரரின் இடத்துக்குப் புதிதாக வந்த மலாய் இளைஞர். “என்னை யாரும் துவான் என்று கூப்பிட வேண்டாம். அந்தக் காலம் முடிந்தது. எல்லோரையும் கூப்பிடுவதுபோல இஞ்சே என்றால் போதும்” என்று மலாயில் தொடங்கினார்.

“சரி, துவான்” என்றது கூட்டம்.

பிறகு ஆளாளுக்கு மாடுகளுக்காக வாதாடினார்கள். யாருக்கும் மாடு இல்லை, எல்லோருக்கும் இரக்கம் இருந்தது. காட்டில் பிறந்ததைக் காட்டிலேயே விட வேண்டும் என்று தேநீர்க் கடைக்காரர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு கறுப்புக் காளை வேலிக்கு மேலே தலையை நீட்டி அவர் சட்டைப் பையை மோந்தது.

“தெரிஞ்ச மாடு போல, அண்ணே” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“இப்பத்தான் மூஞ்சியையே பாக்கிறேன்.”

“அது உங்கள ரொம்ப நாளாப் பாத்த மாதிரி இருக்கு லா.”

என்னருகே நின்ற செட்டி கம்பத்து அம்மாள் தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம், தமிழ் வராது. அவர் மலாயில் சத்தமாகவே கேட்டார்: “நாட்டுக்கே இனி துவான் வேண்டாமாம். மாட்டுக்கு மட்டும் எதுக்கு?”

அதிகாரி தலையாட்டினார். பிறகு, தலையாட்டியிருக்கக் கூடாதோ என்பதுபோல நிறுத்திக்கொண்டார்.

சிவப்புப் பசுவின் முறை வந்தது. பால்காரர் என்னிடம் குனிந்தார். “தங்கச்சி, ஆமான்னா ஃபைன், கட்ட வழியில்ல. இல்லன்னா லாரி. நீ படிச்ச பிள்ள, என்ன சொல்லட்டும்?”

பையனை மறு இடுப்புக்கு மாற்றினேன். அவர் கைகூப்பியபடி முன்னால் போனார்.

“இதற்கு யார் துவான்?” என்றார் அதிகாரி.

“துவான்...” என்று தொடங்கியவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “துவான்... துவான்...”

பக்கத்தில் பதிவேட்டோடு இருந்த கிராணி, உடைமைக்காரர் பெயருக்கான இடத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதிகாரி எட்டிப் பார்த்தார். “நானா?”

பால்காரர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துவிடுவாரோ என்று பதறி, நான் மலாயில் குறுக்கிட்டேன்: “இல்லை இஞ்சே, அவர் உங்களைத்தான் துவான் என்கிறார்.” சொல்லி முடித்த பிறகுதான் என் பேச்சின் அர்த்தம் எனக்கே கேட்டது. திடலே சிரித்தது.

“நான் துவான் இல்லை” என்றார் அதிகாரி.

“அப்ப வேற யாரு?” என்றார் செட்டி கம்பத்து அம்மாள்.

அந்த நேரத்தில் பசு கத்தியது. குரலைக் கேட்டதும் என் பையன் அதன் பக்கம் கையை நீட்டி வீறிட்டு அழுதான்.

“பிள்ளை ஏன் அழுகிறது?”

“பாலுக்கு, துவான்” என்றேன், என்னையும் அறியாமல்.

அதிகாரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். விசாரணை முடியும்வரை பசுவைப் பால்காரர் கொட்டகையிலேயே கட்டி வைக்கலாம், காட்டுப் பக்கம் விடக் கூடாது என்றார்.

விசாரணை முடியவே இல்லை. மற்ற மாடுகள் லாரியில் போயின. அறிமுகமே இல்லாத கறுப்புக் காளைக்காகத் தேநீர்க் கடைக்காரர் அபராதம் கட்டினார். அதிகாரி மாற்றலாகிப் போனார்.

பசுவுக்குத் துவான் என்றே பெயர் நிலைத்துவிட்டது. “துவான், நவுரு. துவான், கால எடு” என்று பால்காரர் அதட்டுவது விடியலில் எங்கள் வீடுவரை கேட்கும். என் மகன் பேசிய முதல் சொல்லும் அதுதான். சுதந்திரம் வந்து தெருவெல்லாம் புதுக் கொடி பறந்த வாரம், வாசலில் பாலோடு வந்து நின்றவரைப் பார்த்து, “துவா” என்றான். யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று சட்டென்று கதவைச் சாத்தினேன். பால் வெளியில் நிற்கிறதே என்று உடனே திறந்தேன்.