லாமிலேயின் மூச்சும் ஒடார்கோரின் வாயும்

என் மனைவி லாமிலே ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுப்புப் புகையைத்தான் குடித்தாள். எங்கள் ஊரான சொர்கோர் கடற்கரையில் நாங்கள் பிடித்து வரும் மத்தியைத் தட்டில் அடுக்கி, விறகுப் புகையில் வாட்டி, சந்தைக்கு அனுப்புவது அவள் பிழைப்பு. அடித்தட்டில் கெட்ட மீனை ஒளித்து விற்கிறவர்கள் உண்டு. அவள் அதைக் கடலில் கொட்டிவிடுவாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் அவள் தன் அம்மா வீட்டில் இருந்தாள், நான் ஆண்கள் வீட்டில். சாயங்காலம் மூடிய சட்டியில் புளித்த சோளமாவில் செய்த கெங்கி உருண்டையும் மிளகாய்ச் சாந்தும் அவளிடமிருந்து வரும். பின்னாலேயே அவள் இருமலும் வரும். நடுவில் இரண்டு சந்து. அந்த இருமலைக் கேட்டே, இன்றைக்கு ஈர விறகு என்று சொல்லிவிடுவேன்.

அடுத்த அடுப்பு ஒடார்கோருடையது. அவள் வாய் திறந்தால் கடலில் போகிற படகு திரும்பிப் பார்க்கும். இருவருக்கும் தினமும் சண்டை.

“ஏன்டி லாமிலே, இருமி இருமி என் மீன்ல சாம்பலப் பறக்க விடுற!”

“உன் வாய மூடு, சாம்பல் தானா அடங்கும்!”

போன வருஷம் புழுதிக்காற்று அடித்தபோது முதல் தடவையாக லாமிலேயை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொண்டையில் குழாய் எதுவும் போடவில்லை. மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க் கட்டி, மெஷினால் காற்றை உள்ளே தள்ளினார்கள். பிழைத்து வந்தாள். மறுபடி அடுப்படிக்குத்தான் போனாள். வேறு எங்கே போவாள்?

இந்த வருஷம் புழுதிக்காற்று வந்ததும் மறுபடி ஆஸ்பத்திரி. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தூங்கித் தூங்கி விழுந்தாள். கெட்ட காற்று வெளியே போகாமல் ரத்தத்தில் தங்கிவிட்டது, அந்த மயக்கம்தான் என்றாள் நர்ஸ். மாஸ்க்கை வைத்ததும் லாமிலே பிடுங்கி எறிந்தாள்.

“தாத்தா, பட்டையக் கட்டாம நீங்களே கையால புடிச்சு வைங்க. பழகிட்டா கட்டிக்கலாம்” என்றாள் நர்ஸ்.

பிடித்தேன். “எதிர்க்காத்துல படகு போற மாதிரி நெனச்சுக்க. மல்லுக்கு நிக்காத, அது தள்ளுறப்ப நீயும் உள்ள இழு” என்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சும் மெஷினும் ஒன்றாக ஏறி இறங்கின. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டாள்.

மறுநாள் எங்கள் மகனுக்குப் பெண் பிறந்தாள், எங்களுக்குப் பேத்தி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எட்டாம் நாள் விடியலில் குழந்தையை முதல் முதலாக வாசலுக்குக் கொண்டுவந்து தரையில் கிடத்தி, கூரையில் தண்ணீர் தெளித்து, பேர் வைக்க வேண்டும். தரையிலிருந்து தூக்குகிறவரின் குணம்தான் குழந்தைக்கு ஒட்டும் என்பது எங்கள் நம்பிக்கை. லாமிலேதான் தூக்க வேண்டும் என்று சந்து முழுக்கப் பேச்சு. எனக்கும் அதே ஆசை.

நர்ஸிடம் கெஞ்சினேன். “ஒரு காலைப் பொழுதும்மா. தூக்கிட்டு உடனே கூட்டியாந்துடறேன்.”

“தாத்தா, தண்ணி குடிக்கக் கழட்டுற நேரத்தையே அவங்க தாங்கல. பாதி வழியில டாக்ஸியிலேயே தூங்கிடுவாங்க. அப்புறம் எழுப்ப முடியாது.”

அன்று ஒடார்கோர் மீன் குழம்போடு வந்து சேர்ந்தாள்.

“என்னடி, மூஞ்சியில சட்டியக் கவுத்துக்கிட்டுப் படுத்திருக்க? பக்கத்துல சண்டை போட ஆளில்லாம என் வாயே துருப்பிடிக்குது.”

லாமிலே கையைக் காட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நர்ஸ் மாஸ்க்கைத் தளர்த்தினாள். அவள் தண்ணீரைத் தொடாமல் ஒடார்கோரைப் பார்த்தாள்.

“நீ... தூக்குடி.”

எங்கள் மகன் அய்க்வே துள்ளி எழுந்தான். “அம்மா! இந்த வாய் என் பொண்ணுக்கு வந்தா யாரு கட்டுவா?”

ஒடார்கோருக்கே முகம் வெளுத்தது. “அவன் சொல்றது சரிதான்டி. நானெல்லாம் தூக்கக் கூடாது.”

லாமிலே என்னைப் பார்த்தாள். “நான் தூக்கினா... என் நெஞ்சு வந்துரும் அதுக்கு.” மூச்சைத் தேடினாள். “இவ வாய்... வரட்டும். அவ்ளோ மூச்சு... வேணும்.”

மாஸ்க் மறுபடி ஏறியது. அவள் மூக்குத்தண்டில் அது அழுத்திய இடம் புண்ணாகியிருந்தது. நான் என் ஆசையை அங்கேயே விட்டுவிட்டு, சரி என்று தலையாட்டினேன்.

எட்டாம் நாள் விடியல். கூரைத் தண்ணீர் மேலே சொட்டியதும் குழந்தை வீறிட்டது. ஒடார்கோர் அதைத் தூக்கினாள். வாழ்நாளில் அந்த ஒரு காலைதான் அவள் வாய் பேசாமல் இருந்தது, கண்ணீர் மட்டும் கொட்டியது. நான் போனைக் குழந்தையின் வாயருகே நீட்டினேன். அந்தப் பக்கம் நர்ஸ் லாமிலேயின் காதில் போனை வைத்திருந்தாள்.

“கேக்குதா அவங்களுக்கு?”

“கேக்குது தாத்தா. கையத் தூக்கிக் காட்டுறாங்க. இன்னும் அழ விடுங்கங்கிற மாதிரி.”

அழ விட்டோம்.

அந்த வாரமே மெஷின் தள்ளிய காற்றை வாங்க அவள் நெஞ்சால் முடியாமல் போனது. நான் மாஸ்க்கைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன். போதும் தாத்தா என்று நர்ஸ்தான் என் விரல்களைப் பிரித்தாள்.

பேத்தி தன் அம்மா வீட்டில் இருக்கிறாள், எனக்கு இரண்டு சந்து தள்ளி. சாயங்காலம் பசியில் அவள் போடும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. “கத்துறது உன் பேத்தியா, ஒடார்கோரா?” என்று வலை பின்னுகிறவர்கள் கேலி செய்கிறார்கள். “என் பேத்திதான்டா, நல்லாக் கேளுங்க!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

பிறகு பால் கிடைத்து அவள் அடங்கிவிடுவாள். நான் மட்டும் காதைக் கொடுத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். இருமல் வருகிற நேரம் அது.