பதினோரு நிமிட ஒலி

தந்தி அலுவலகத்தில் முப்பது வருடம் விசை தட்டியவளை, ஓய்வுபெற்ற பிறகும் தெருவே ‘தந்தியக்கா’ என்றுதான் கூப்பிட்டது. பேச்சும் தந்தி மாதிரி அளந்துதான் வரும். “இவ வாயைத் திறக்க மனு போடணும்” என்பாள் அம்மா.

அந்த அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயதில் ஒரே ஒரு குறை. அவளுடைய அண்ணன் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானத்தில் வயர்லெஸ்காரர். விமானம் கடலில் விழுந்தபோது மற்ற ஐந்து பேரும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார்கள்; அவர் பிழைக்கவில்லை. வீட்டுக்கு வந்த கடிதத்தில், ‘அவரிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை’ என்று ஒரு வரி. அது போதாதா உறவுக்காரர்களுக்கு? பயத்தில் கை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான் என்று கதை கட்டிவிட்டார்கள். சுவரிலிருந்து மகனின் படத்தைக் கழற்றிய தாத்தா, திரும்ப மாட்டவே இல்லை.

“நான் கண்ணை மூடுறதுக்குள்ள உண்மை என்னன்னு பார்த்துச் சொல்லுடி.”

ஏழு மாதம் கடிதம் எழுதி அலைந்து, ஆவணக் காப்பகத்தில் தரைநிலையத்தின் குறிப்பேட்டைப் பிடித்தாள். பென்சில் எழுத்து: ‘செய்தி இல்லை. ஒரே நீண்ட ஒலி. பதினோரு நிமிடம். இருமுறை கணநேரம் அறுந்து தொடர்ந்தது. திசை கணித்து மீட்புப் படகு அனுப்பப்பட்டது.’

தந்தியக்காவுக்குப் படித்ததுமே புரிந்தது. விசையை அழுத்தியே பிடித்திருந்தால் ஒலி விடாமல் போகும். அது வரும் திசையை வைத்து விமானம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

“விசையைக் கட்டி வச்சிட்டு அவரும் குதிச்சிருக்கலாமே மேடம்?” என்றார் காப்பாளர்.

“கட்டி வச்சா சத்தம் அறுபடாது சார். இது விரல். வலி தாங்காம ரெண்டு தடவை கை மாத்தியிருக்கார்.”

காப்பாளர் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே மறித்தாள். “என்னதான் சொன்னான்டி எங்கண்ணன்?”

தந்தியக்கா அம்மாவை உட்காரவைத்து, அவள் உள்ளங்கையை விரித்து விரலால் அழுத்திப் பிடித்தாள். “இதைத்தாம்மா. இங்க இருக்கோம், வாங்கன்னு. விடாம பதினோரு நிமிஷம். அஞ்சு பேரும் பிழைச்சது இதாலதான்.”

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாவது நிமிடத்தில் மகளின் மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது.

“வலிக்குதாடி?”

“வலிக்குது.”

அம்மா தன் மற்றக் கையை மகளின் விரல்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“எடுத்துடாத. முடிஞ்சதும் போய் அந்தப் படத்தை மாட்டு.”