நான் வெட்டிய காட்சி

ஒரு படம் தேறுமா தேறாதா என்று சொல்ல எனக்கு மூன்று ரீல் போதும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் அகரம் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்த படங்களில் முக்கால்வாசியை நான் பார்த்திருக்கிறேன். கொட்டகையில் ஒரே மெஷின். ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அடுத்த ரீலை மாட்டும்வரை மணலில் உட்கார்ந்து, பார்த்தவரைக்கும் எது சரி, எது சொதப்பல் என்று மனசுக்குள் பிரித்துப் போடுவேன். படம் பார்க்க நான் கற்றுக்கொண்டது அந்த இடைவெளிகளில்தான்.

எங்களுடையது பூ வீடு. விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் மல்லிகை மொட்டைப் பறித்துத் திண்டுக்கல்லுக்கு அனுப்பியாக வேண்டும். சாயங்காலம் மாடு, பிள்ளைகள், அடுப்பு. வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சினிமாவுக்குப் போவது நடக்காத காரியம். அதற்கு என் மாமியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு படத்துக்கு ஒருத்தி. அவள் புருஷனோடு போய் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வர வேண்டும். மறுநாள் மொட்டுப் பறிக்கும்போது முழுப் படத்தையும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பறிப்பது கைதானே, காது சும்மாதானே இருக்கிறது என்பது அவர் கணக்கு.

கேட்கிற கூட்டம் சிறியது. மாமியார், என் கணவரின் அண்ணன் மனைவியான ஓரகத்தி, கூலிக்குப் பறிக்க வரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில் முறைவைத்துத்தான் போய்க்கொண்டிருந்தோம். ஆனால் ஓரகத்தி படம் சொன்னால் கேட்க முடியாது. "அப்புறம் அவுக அழுதாக. அப்புறம் இவுக பாடுனாக. அப்புறம் முடிஞ்சு போச்சு." அரை வரிசைச் செடி பறிப்பதற்குள் மூன்று மணி நேரப் படம் முடிந்துவிடும். நான் சொன்னால் வில்லன் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெண்கள் "ஐயையோ" என்பார்கள். இரண்டு படத்துக்குப் பிறகு மாமியாரே சொல்லிவிட்டார், "ஏத்தா, இனிமே நீயே போயிட்டு வா. அவ சொன்னா ஒறக்கம் வருது." ஓரகத்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நானும் சிரித்தேன். அவர் சொல்வதைப் போலவே சொல்லிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவும் வைத்தேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சிரிப்புப் படம் வந்தது. ஒரே ஒரு யோசனையை வைத்துக்கொண்டு எடுத்த படம். ஓர் ஊர் மக்கள் வாசலில் வந்து நின்ற சாமியாரை வாய்க்கு வந்தபடி வைகிறார்கள். அவர் சாபம் விட்டுப் போகிறார். இனி யாரை வைகிறீர்களோ, மறுநாள் அவராகவே எழுந்திருப்பீர்கள், பொழுது சாயும்வரை அவராகவே இருப்பீர்கள். அவ்வளவுதான் கதை.

முன்பாதி பொன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பண்ணையார் வண்டிக்காரனை வைதுவிட்டுத் தூங்கி, மறுநாள் வண்டிக்காரனின் குடிசையில் கண் விழிக்கிறார். அங்கே பண்ணையார் கட்டிலில் வண்டிக்காரன் கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கிறான். கணக்கு வராத பையனை வைத வாத்தியார், மறுநாள் அதே பலகைமுன் நின்று முழிக்கிறார். மாமியார்க்காரி மருமகளாக எழுந்து அடுப்பூதியபோது பெண்கள் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு பயத்தில் ஊரே வாயை மூடிக்கொள்கிறது. குழாயடியில் குடங்கள் முட்டுகிற சத்தம் மட்டும்தான். சிரிப்பு நடிகர் கோமாளித்தனம் எதுவும் செய்யவில்லை, யோசனையே சிரிக்க வைத்தது. ஒரு சிரிப்புப் படத்துக்கு இதைவிட என்ன பலம் வேண்டும்?

பின்பாதியில் கோட்டை விட்டார்கள். எங்கிருந்தோ ஒரு தங்கை வந்து இருமினாள். இருமலுக்கு இரண்டு பாட்டு. எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. வைதால் அவராகிவிடலாம் என்றால், பண்ணையாரை வைய அவர் வாசலில் ஊரே வரிசை கட்டி நிற்காதா? எனக்குத் தோன்றியது, கதை எழுதியவருக்குத் தோன்றவில்லை! கடைசியில் எல்லாம் கனவு என்று முடித்தார்கள். கனவு என்று முடிப்பதும் கையை விரிப்பதும் ஒன்றுதான். நடுவில் ஒரு காட்சி வேறு தொங்கியது. பண்ணையார் வீட்டில் சமைத்துப் போடும் பெரியம்மா ஒருத்தி அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்பும் இல்லை, பாட்டும் இல்லை. அப்போது நான் முந்தானையில் இருந்த கடலையை உரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தோட்டத்தில் நான் சொன்ன படம் வேறு. தங்கையை வெட்டினேன். பெரியம்மாவை வெட்டினேன். பண்ணையார் வாசலில் வரிசையை நிறுத்தினேன். "ஏய் மொட்டை" என்று வைதவன் ஒருவன், வையத் தெரியாமல் திக்கினவன் ஒருவன், தன் முறை எப்போது வரும் என்று சண்டை போட்டு முன்னால் நின்றவனை வைது, மறுநாள் அவனாக எழுந்தவன் ஒருவன். பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமியார் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வினையே அங்கேதான். "அம்புட்டு நல்லா இருந்தா நாமளும் பாத்துருவோம்" என்றார் மாமியார். "ஒரு நாளு மாடும் அடுப்பும் கெடந்தாக் கெடந்துட்டுப் போகுது." அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத பேச்சு அது. தடுக்க நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். வண்டி கட்டிவிட்டார்கள். கூலிப் பெண்கள் மட்டும் வரவில்லை. ஓரகத்தி பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தார்.

இடைவேளைவரை தப்பித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரீலுக்கும் விளக்குப் போடும்போது மாமியார் என் பக்கம் திரும்பினார். "எங்கத்தா அந்த வரிசை?" "வரும் அத்தை." தங்கை இருமினாள். "இது யாருத்தா புதுசா?" நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். கனவு என்று படம் முடிந்ததும் அவர் மணலை உதறிக்கொண்டு நேரே வண்டிக்கு நடந்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விடிந்ததும் தோட்டத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "பாக்காததப் பாத்தேன்னு சொல்லிருக்கா. இத்தன நாளும் இவ சொன்னதுல எது படம், எது இவ சரக்குன்னு யாருக்குத் தெரியும்? இனிமே நீ போக வேணாம்." அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது மாதம் ஒருமுறை அந்தக் கொட்டகையும், மறுநாள் என் வாயையே பார்க்கும் நாலு முகங்களும்தான். படத்தைக் கெடுத்தது எடுத்தவர்கள், திருத்தியது நான், தண்டனை மட்டும் எனக்கா என்று ஆத்திரமாக வந்தது. அழக்கூடாது என்று வேகவேகமாகப் பறித்தேன்.

வராத பெண்கள் இருவருக்கும் படத்தைச் சொல்லும்படி மாமியார் ஓரகத்தியிடம் சொன்னார். அவர் தம் வழக்கப்படியே ஆரம்பித்தார். சாமியார் வந்தார், சாபம் விட்டார், பண்ணையார் மாறினார். மாமியாருக்குக் கொட்டாவி வந்தது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு ஓரகத்தி அந்தப் பெரியம்மா காட்சிக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"அந்தம்மா யாரையுமே வஞ்சதில்ல. வையத் தெரியாது. அதனால ஊரெல்லாம் மாறியும் அது மட்டும் மாறல. தெனமும் அதுவாத்தான் எந்திரிக்குது, அதே அம்மியிலதான் அரைக்குது. 'எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டு வாராக, எனக்கு யாராச்சும் வையக் கத்துக்குடுங்களேன்'னு கேக்குது. கத்துக்குடுக்க யாரும் வரல. செத்த நேரம் செவுத்தப் பாத்து உக்காந்திருக்கு. அப்புறம் திரும்பவும் அரைக்குது."

யாரும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. கூலிப் பெண்களில் ஒருத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் கடலை உரித்துக்கொண்டிருந்த காட்சி அது. மூன்று ரீல் போதும் என்று இருந்தவளுக்கு அந்தக் காட்சி கண்ணில் படவே இல்லை.

மற்றவர்கள் கூடையோடு முன்னால் போனதும், வரிசை முடிவில் நானும் அவரும் மட்டும் நின்றோம். "ஏன்க்கா அந்தப் பெரியம்மாவ மட்டும் அம்புட்டு விவரமாச் சொன்னீக?" என்று கேட்டேன்.

அவர் கை நிற்கவில்லை. கோபமும் இல்லை. "எனக்கும் யாரையும் வையத் தெரியாதுத்தா. தெரிஞ்சிருந்தா ஒன்னைத்தான் வஞ்சிருப்பேன். நீ சொன்ன வரிசையில மொத ஆளா நின்னு வஞ்சிருப்பேன். ஒரு நாளாச்சும் நீயா எந்திரிச்சுப் படம் பாத்துட்டு வந்திருப்பேன்ல?"

என்னை யாரும் அதுவரை அப்படி வைததில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

அடுத்த மாதம் புதுப் படம் வந்தது. மாமியாருக்கு அதற்குள் மனசு இளகிவிட்டது. ஓரகத்தியின் "அப்புறம் அப்புறம்" தாங்காமல், "சரி, நீயே போயிட்டு வாத்தா" என்றார். வேண்டாம், அக்காவே போகட்டும் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பையும் மாட்டையும் பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்குமுன் கொட்டகையில் சாமிப் பாட்டு ரெக்கார்டு போட்டபோது அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் தோட்டத்தில் அவர் தொடங்கினார். "ஒரு பொண்ணு. அது அழுதுச்சு. அப்புறம்..."

"இருங்கக்கா" என்றேன். "எப்படி அழுதுச்சு?"

ஓரகத்தி பறிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.