டஸ்டரை நீட்டிய டீச்சர்

ராஜபாளையத்தில் மில்லை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்குப் போனேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் குள்ளமானவர். கொண்டையில் சாக்பீஸைச் செருகியிருந்தார். பிள்ளைகள் வீட்டில் பேசும் சொற்களை அவர்களிடமே கேட்டு, தமிழ் எழுத்திலேயே போர்டில் எழுதிப்போடுவது அவர் வழக்கம். அன்று தண்ணீர்ப் பானைப் படத்துக்குக் கீழே தண்ணி, நீள்ளு, பானி என்று எழுதியிருந்தார்.

"தமிழ்ப் பாடத்துல தெலுங்கும் இந்தியும் எதுக்கு? அழிங்க" என்றேன்.

"அழிக்க மாட்டேன் சார். பீகார்லருந்து வந்த இந்தப் பிள்ள இன்னைக்குத்தான் வாயத் தொறந்து 'பானி'ன்னு வாசிச்சா. அழிக்கணும்னா அவ கண்ணு முன்னால நீங்களே அழிங்க." டஸ்டரை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. அந்தச் சிறுமி எழுந்து போய், மேலே இருந்த சொல்லில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "தண்...ணி."

நீட்டிய கையை மடக்காமலேயே டீச்சர் கேட்டார்: "டஸ்டர் வேணுமா சார்?"