எல்லைப் பாலம் வரை

வருஷத்துக்கு இரண்டு தடவை, முன்னால் ஈட்டிக்காரர்கள் நடக்க, எங்கள் ஐரிஷ் ஊருக்கு நீதி குதிரை வண்டியில் வரும். நாலைந்து நாள் தங்கும். நன்றாகச் சாப்பிடும். தூக்கில் போட வேண்டியவர்களைப் போடச் சொல்லிவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் புறப்பட்டுவிடும். மற்ற மாதங்களில் அதற்காகச் சிறையில் காத்துக் கிடப்பதுதான் எங்கள் ஜனங்களின் பாடு.

அந்த மார்ச்சில் கோல்மன் காத்துக் கிடந்தான். பண்ணை ஏஜெண்டின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தான் என்று வழக்கு. இருட்டில் பார்த்ததாகக் காவல்காரன் ஒருவன் சாட்சி. கோல்மனின் அண்ணன் ஃபெஸ்டி ஒரு வண்டிக்காரன். தாயில்லாத தம்பியை உருளைக்கிழங்கும் மோரும் ஊட்டி வளர்த்தவன். அவனுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை.

ஜூரிகள் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரும்வரை அவர்களுக்குச் சோறும் கிடையாது, நெருப்பும் கிடையாது. இரண்டு நாளாகியும் ஒத்துப்போகவில்லை. நீதிபதி கிளம்பியாக வேண்டும். அப்படியானால் எங்கள் ஊர் வழக்கப்படி ஜூரிகளை வண்டியில் ஏற்றி, மாவட்ட எல்லையில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். வழியில் மனம் மாறினால், பின்னால் வரும் நீதிபதி நடுரோட்டிலேயே தீர்ப்பைக் கேட்டுக்கொள்வார்.

ஷெரீப்பின் ஆள் ஃபெஸ்டியின் வாசலில் வந்து நின்றான். “நீள வண்டியப் பூட்டுய்யா.”

“என் தம்பி கேஸுங்க அது.”

“யாரு கேஸுன்னு வண்டிக்குத் தெரியுமா? பூட்டு.”

ஃபெஸ்டி குதிரைகளைப் பூட்டினான். உள்ளுக்குள் அவனுக்குச் சந்தோஷம்தான். ஜூரி எல்லை தாண்டிவிட்டால் வழக்கு செத்தது, கைதி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்பினோம். வக்கீலைக் கேட்டிருக்கலாம். வாயைத் திறக்கவே காசு கேட்கிறவனை யார் கேட்பது?

மழை கொட்டியது. வண்டியில் பதினோரு பேர் ஒரே ஒருவரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மாவு மில்காரர் ஆக்டன். பேச்செல்லாம் இங்கிலீஷில். ஃபெஸ்டிக்குத் தெரிந்ததோ ஐரிஷ் மட்டும். ஆனால் கண்ணால் பார்த்ததே அவனுக்குப் போதுமானதாகத் தோன்றியது. பதினோரு பேர் தம்பியைத் தூக்கில் போடத் துடிக்கிறார்கள், இந்த ஒரு புண்ணியவான்தான் தடுத்துக்கொண்டிருக்கிறார். அவரோ நடுங்கிக்கொண்டிருந்தார், உதடு நீலம் பாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவர்களுக்குத் தலையாட்டிவிடுவார்.

“தாங்கிக்கோங்க சாமி,” என்று அவருக்குப் புரியாத ஐரிஷில் சொல்லிவிட்டுச் சாட்டையை எடுத்தான். ஜென்மத்தில் குதிரையை அடிக்காதவன், அன்று அடித்தான். வண்டி குண்டு குழியெல்லாம் தாண்டிப் பறந்தது. நீதிபதியின் வண்டி பின்தங்கிக் கண்ணுக்கே தெரியாமல் போனது. ஆக்டன் எழுந்து நின்று கையை ஆட்டி ஏதோ கத்தினார். ஃபெஸ்டி திரும்பியே பார்க்கவில்லை. பாலம் தடதடத்தது. எல்லை தாண்டியாகிவிட்டது.

இறங்கிப் போய் ஆக்டனின் கையை முத்தமிட்டான். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஜூரியில் ஐரிஷ் தெரிந்த ஒரே ஆள் கடைக்காரர் டார்சி. அவர் மழையில் நனைந்தபடி ஃபெஸ்டியைப் பார்த்தார்.

“அவரு கையப் போயி ஏன்யா முத்தம் குடுக்கற? நாங்க பதினோரு பேரும் விட்டுரலாம்னோம். தூக்குல போடணும்னு ஒத்தக்கால்ல நின்னது அவருதான். பசி தாங்காம கடைசியில சரின்னுட்டாரு. நிறுத்து, நிறுத்துன்னு கத்தினாரே, உனக்குக் காது இல்லையா?”

“இப்பச் சொல்லுங்களேன் ஐயா. ஜட்ஜய்யா வர்றாரு பாருங்க.”

“எல்லை தாண்டியாச்சே, இங்க சொன்னா செல்லாதுப்பா. அடுத்த கோர்ட்டுக்கு உன் தம்பி மறுபடி நிக்கணும்.”

ஃபெஸ்டி பாலத்தின் அக்கரை முனையிலேயே உட்கார்ந்துவிட்டான். நீதிபதியின் வண்டி அவன்மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது.

கோடையில் வேறு நீதிபதி வந்தார், வேறு ஜூரி வந்தது. அவர்கள் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை, குற்றவாளி என்றார்கள். ஷெரீப்பின் ஆள் மறுபடி வாசலில் வந்து நின்றான். கைதியைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோகவும் ஊரில் அந்த ஒரு வண்டிதான்.

அன்று ஃபெஸ்டி சாட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். குதிரைகள் நடந்தனவா நின்றனவா என்று தெரியாதபடி வண்டி ஊர்ந்தது. பாலத்தில் நடந்ததைத் தம்பியிடம் அவன் சொல்லவே இல்லை.

தூறலில் கோல்மன் கைகள் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான்.

“வெரசா ஓட்டுண்ணே,” என்றான். “குளுருது.”